செப்டம்பரில் ரோமுக்குப் போகாதீர்கள்

அடுத்த வருஷம் ரோம் போகலாம்னு இருக்கேன், எந்த மாசம் நல்லதுன்னு பார்த்துச் சொல்லு என்று நண்பர் ஒருவர் கேட்டார். இதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: ஏப்ரல், மே, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், நவம்பரில் மழை. (32 டிகிரியெல்லாம் ஒரு வெயிலா என்று நமக்குத் தோன்றும், அது வேறு விஷயம்.)

ஆனால் இந்தப் பதிலுக்கு வயசு ரொம்பக் குறைவு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை லண்டனில் யாரிடமாவது கேட்டிருந்தால், நவம்பரில் போய்ச் சேர், ஈஸ்டர் முடிந்ததும் கிளம்பிவிடு என்றிருப்பார்கள். செப்டம்பர் என்று சொல்லியிருந்தால் உயில் எழுதிவிட்டுப் போகச் சொல்லியிருப்பார்கள்.

காரணம் மலேரியா. அந்தச் சொல்லே இத்தாலியச் சொல்தான். 'மாலா' என்றால் கெட்ட, 'ஆரியா' என்றால் காற்று. ரோமைச் சுற்றியுள்ள கம்பாஞா சமவெளியிலும், தெற்கே போகிற வழியில் கிடந்த பொன்டைன் சதுப்பு நிலத்திலும் தேங்கிய நீரிலிருந்து விஷக்காற்று கிளம்புகிறது, அதுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பினார்கள். ரோமிலிருந்து நேப்பிள்ஸ் போகும் பயணிகளுக்கு, அந்தச் சதுப்பைத் தாண்டும்வரை வண்டியில் தூங்கிவிடாதே என்று அறிவுரை சொல்வார்கள். தூங்கினால் காற்று உள்ளே புகுந்துவிடுமாம். காரணம் தப்பு, ஆனால் இடமும் காலமும் ரொம்பச் சரி.

இது எவ்வளவு பழைய கதை என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று கல்லறைகளில் இருக்கிறது. ரோமின் ஆரம்பகாலக் கிறிஸ்தவக் கல்லறைக் கல்வெட்டுகள் பலவற்றில் இறந்த தேதி இருக்கும். ஆய்வாளர்கள் அவற்றை மாதவாரியாக எண்ணிப் பார்த்தபோது ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் எண்ணிக்கை குத்தென்று ஏறியது. கொசு பெருகி, உயிரைக் கொல்லும் வகை மலேரியா பரவுகிற காலமும் அதேதான். அதற்கும் முந்தைய ரோமானியர்கள் காய்ச்சலை ஃபெப்ரிஸ் என்ற தெய்வமாக்கி, பாலட்டைன் குன்றில் கோயிலே கட்டியிருந்தார்கள்.

போப்பாண்டவருக்கும் இதில் விலக்கு கிடையாது. 1623 ஜூலையில் பதினைந்தாம் கிரகோரி இறந்துபோக, கொளுத்துகிற கோடையில் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் வத்திக்கானில் அடைபட்டார்கள். வத்திக்கான் இருப்பதோ டைபர் ஆற்றங்கரைத் தாழ்வில். வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள், சிலர் செத்தும் போனார்கள். ஆகஸ்ட் 6 அன்று தேர்வான எட்டாம் உர்பனும் படுத்துவிட்டார். முடிசூட்டு விழா செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனது. ரோமுக்குத் தென்கிழக்கே, ஏரிக்கரை மேட்டில் இருக்கும் காஸ்டல் கண்டோல்ஃபோவைப் போப்புகளின் கோடை வாசஸ்தலம் ஆக்கியவர் இவர்தான். ஏன் என்று கேட்கத் தேவையில்லை.

சரி, மேட்டுக்குப் போக முடிந்தவர்கள் போனார்கள். வெளிநாட்டுச் சீமான்கள் ஈஸ்டரோடு ஊருக்குத் திரும்பினார்கள். போக முடியாதவர்கள்? கம்பாஞாவில் கோதுமை விளைவது கோடையின் தொடக்கத்தில். அறுவடைக்கு அப்ரூஸ்ஸி மலைகளிலிருந்து கூலிகள் கூட்டங்கூட்டமாக இறங்கி வந்தார்கள், எல்லாரும் ஓடுகிற அதே நேரத்தில். வயலிலேயே படுத்து உறங்கினார்கள். பயணக் குறிப்புகளில் 'சீசன்' பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கும்போது இவர்கள் ஓரத்தில் ஒரு வரியாக வந்து போவார்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை.

முடிச்சு அவிழ்ந்தது 1890களின் கடைசியில். அதில் ஒரு பாதி நம்ம பக்கம் நடந்தது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு வருஷம் ரோமில் கிராஸ்ஸியின் குழு, மனிதர்களுக்குப் பரப்புவது அனாஃபிலிஸ் கொசு என்று நிறுவியது. யாருக்குப் பெருமை என்று இருவரும் கடைசிவரை சண்டை போட்டார்கள். நோபல் ராஸுக்குப் போனது.

அப்பவும் நிறைய பேர் நம்பவில்லை. அதனால் 1900 கோடையில் ஒரு சோதனை. ஒஸ்தியாவுக்குப் பக்கத்தில், காய்ச்சல் கடுமையாக இருந்த இடத்தில், ஒரு மரக் குடிசை. ஜன்னல் கதவெல்லாம் வலை. சாம்பன், லோ என்ற இரண்டு மருத்துவர்கள் சிலரோடு அதில் குடியேறினார்கள். பகலில் வெளியே சுற்றலாம், மழையில் நனையலாம், அந்தக் 'கெட்ட காற்றை' ராத்திரி முழுக்கச் சுவாசிக்கலாம். ஒரே நிபந்தனை, பொழுது சாயுமுன் உள்ளே வந்துவிட வேண்டும். குயினைன் கிடையாது. சீசன் முடியும்வரை இருந்தார்கள், ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. அதே சமயம் ரோமிலிருந்து நோய் தொற்றிய கொசுக்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். சோதனைக்கு ஏற்பாடு செய்த பேட்ரிக் மேன்சன், தன் சொந்த மகனையே கடிக்கவிட்டார். ரோம் பக்கமே போகாத அந்தப் பையனுக்கு மலேரியா வந்தது. குயினைன் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

இதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அரசாங்கமே உப்பு, புகையிலைக் கடைகளில் குயினைன் விற்றது. 1930களில் முசோலினி அரசு பொன்டைன் சதுப்பை வடித்து ஊர்கள் கட்டியது. போர் முடிந்ததும் டிடிடி வந்தது. 1970இல் இத்தாலி மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. ஆக, செப்டம்பர் 'நல்ல மாசம்' ஆகி இன்னும் நூறு வருஷம்கூட ஆகவில்லை.

ரோம்காரர்கள் மட்டும் இன்னமும் ஆகஸ்டில் ஊரில் இருப்பதில்லை. 15ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை, அகஸ்டஸ் சக்ரவர்த்தி காலத்துத் திருவிழாவின் மிச்சம். அதையொட்டிக் கடைகளில் 'விடுமுறை' அட்டையைத் தொங்கவிட்டுக் கடலுக்கும் மலைக்கும் போய்விடுகிறார்கள். காஸ்டல் கண்டோல்ஃபோ அரண்மனையைப் போப் பிரான்சிஸ் 2016இல் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். ஆனாலும் 2025 ஜூலையில் புதுப் போப் பதினான்காம் லியோ விடுமுறைக்கு அந்த ஊருக்குத்தான் போனார்.

நண்பருக்கு அக்டோபர் முதல் வாரம் என்று பதில் போட்டேன். கொசுவர்த்தி எடுத்துட்டுப் போகணுமா என்று கேட்டிருக்கிறார்.