பனிக்கு வந்தது, துருவுக்கு நின்றது

எத்திலீன் கிளைக்காலைப் பிரெஞ்சு வேதியியலாளர் வுர்ட்ஸ் 1850-களிலேயே தயாரித்துவிட்டார். அது ரேடியேட்டருக்குள் பரவலாகப் போனது 1920-களின் பிற்பகுதியில்தான். அதுவரை குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாதிருக்க அதோடு மெத்தனாலைக் கலந்தார்கள். என்ஜின் சூடேறினால் அது ஆவியாகிப் பறந்துவிடும். இந்தப் பின்னணியால்தான் கூலன்ட் என்றாலே பனிக்கான மருந்து என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. ஆனால் 1931-இல் கேட்டர்பில்லர் டீசல் டிராக்டரை விற்கத் தொடங்கி, மண்வேலைக்கு டீசல் நிலைபெற்ற பிறகு, அந்தத் திரவத்தின் முக்கிய வேலையே மாறிப்போனது என்பேன். கனரக டீசலில் பல, வெளிப்புறம் நேராகத் தண்ணீரில் நிற்கும் சிலிண்டர் உறை (லைனர்) கொண்டவை. பிஸ்டன் இடிக்க இடிக்க லைனர் அதிர்கிறது. அதன் வெளிச்சுவரில் நுண்குமிழிகள் தோன்றி வெடித்து, உலோகத்தை ஊசிமுனை அளவாகக் கொறிக்கின்றன. துளை விழுந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கும். கூலன்டில் உள்ள நைட்ரைட் சேர்மானம் அங்கே மெல்லிய காப்புப்படலம் போட்டு இதைத் தடுக்கிறது.

வெயில் நாட்டில் வெறுந்தண்ணீர் போதாதா, கிளைக்காலைவிட அதுதானே சூட்டை நன்றாகக் கடத்துகிறது என்பார்கள். கடத்துவது உண்மைதான். ஆனால் குமிழி வெயில் பார்த்து வருவதில்லை. உப்புத் தண்ணீரோ ஒரு மில்லிமீட்டர் காரை படியவிட்டே அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும். அதற்காகச் சேர்மானத்தை அள்ளி ஊற்றுவதும் தப்பு, மிஞ்சியது ரேடியேட்டர் குழாயில் கட்டிக்கொள்ளும். 1990-களில் வந்த கரிம அமில வகைகள் கூலன்டின் ஆயுளை நீட்டின. பழையதோடு கலந்தால் அந்த ஆயுள் குறைந்துவிடும்.