இதற்கு அர்த்தம் என்ன?

எங்கள் வீட்டில் இரவு எட்டரைக்குக் குடும்ப ஜெபம். கரண்ட் போனாலும், ஊரிலிருந்து ஆள் வந்தாலும், மறுநாள் கணக்குப் பரீட்சை என்றாலும் பாய் விரித்தாக வேண்டும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஜெபம். சனிக்கிழமை மட்டும் கூடுதலாக ஞானோபதேசம். "ஏழாம் கட்டளை சொல்லு" என்பாள் அம்மா. சொல்வேன். "இதற்கு அர்த்தம் என்ன?" என்பாள். அதையும் ஒப்பிப்பேன். அந்தக் கேள்வியும் புத்தகத்தில் அச்சடித்திருந்தது என்பதால், அது ஒரு கேள்வி என்றே எனக்குத் தோன்றியதில்லை.

போன வருஷம் அம்மா இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் எட்டரை மணிக்கு அவளுக்காக வேண்டிக்கொண்டது என் மகள்தான். ஏழு வயசு. அடக்கம் முடிந்த மறுவாரம் பாயில் உட்கார்ந்தபடி கேட்டாள்: "அப்பா, நாம தினமும் கேட்டோம்ல? அப்புறம் ஏன் பாட்டி செத்துப்போனாங்க?"

"அது ஆண்டவரோட சித்தம்மா" என்று சொல்லிவிட்டு வேதத்தைத் திறந்தேன். அவள் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னதும் ஒப்பித்த பதில்தான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒப்பிக்க என்னைப் பழக்கிய புத்தகம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

எழுதியவர் மார்ட்டின் லூத்தர். 1528ல் சாக்சனியின் கிராமச் சபைகளைப் பார்வையிடப் போன இடத்தில் அவருக்கு அதிர்ச்சி. ஜனங்களுக்குப் பத்துக் கட்டளை தெரியவில்லை, கர்த்தருடைய ஜெபம் தெரியவில்லை. பல போதகர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியவில்லை. 1529ல் சிறிய ஞானோபதேசம் வந்தது. முதலில் புத்தகமாகக்கூட இல்லை; சுவரில் மாட்டும் அச்சுத்தாள்களாக.

அதன் தலைப்புகளைப் பார்த்தால் ஒன்று புரியும். குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய விதம் என்றே ஒவ்வொரு பகுதியும் ஆரம்பிக்கிறது. அதாவது, பிரசங்க பீடத்துக்கு மட்டுமல்ல, சாப்பாட்டு மேஜைக்கும் படுக்கைக்கும் சேர்த்து எழுதியது. காலையில் எழுந்து ஜெபித்து, ஒரு பாட்டுப் பாடி, சந்தோஷமாக வேலைக்குப் போக வேண்டும். ராத்திரி ஜெபித்துவிட்டு உடனே தூங்க வேண்டும். சாப்பிடும் முன்னும் பின்னும் நன்றி சொல்ல வேண்டும். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற என் கண்ணுக்கு அது நல்ல டாக்குமெண்டேஷன்: சின்னக் கேள்வி, சின்னப் பதில்.

கெடுபிடியும் உண்டு. கற்றுக்கொள்ள மாட்டேன் என்பவர்களுக்குப் பெற்றோரும் எஜமானர்களும் சோறு தண்ணீர் தரக்கூடாது என்று முன்னுரை சொல்கிறது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருக்கும்படி தகப்பன்மாருக்குப் பவுல் சொன்ன புத்தியும் அதே புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அன்றிலிருந்து பெற்றோர்கள் தடுமாறுகிறார்கள்.

இது தமிழுக்கு வந்த வழி தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து இறங்கிய சீகன்பால்குக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் படித்தார். கொஞ்ச காலத்திலேயே லூத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். 1713ல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு ஓடத் தொடங்கியது. 1715ல் புதிய ஏற்பாடு முழுசாக வந்தது. அதே வருஷங்களில் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலே நகரத்துக்கு அனுப்பியிருக்கிறார். கேட்கத் தெரிந்த மனுஷன். 1919ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது வரைக்கும், அதற்குப் பிறகும், புத்தகம் வீடுகளுக்குள் வந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் குடும்பத் தலைவர் ஜெபம் முடிவதற்குள் தூங்கிவிடுவார். புத்தகம் அப்பாவிடம் ஒப்படைத்த வேலையைச் செய்தது அம்மாதான். நிறைய வீடுகளில் இதுதான் நடந்திருக்கும்.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது லூத்தரின் வீடு. 1528 ஆகஸ்டில் எட்டு மாசக் குழந்தை எலிசபெத்தை அவரும் காத்தரீனாவும் புதைத்தார்கள். ஞானோபதேசம் வெளிவந்தது அடுத்த வருஷம். அந்த வருஷம் மே மாசம் பிறந்த மக்தலேனா, பதிமூன்று வயதில், 1542 செப்டம்பர் 20 அன்று அப்பாவின் கையிலேயே உயிர்விட்டாள். மூன்று நாள் கழித்து நண்பர் யோனாஸுக்கு லூத்தர் எழுதிய கடிதம் இருக்கிறது. மகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்; ஆனால் பாசம் விடவில்லை, அழாமல் அதைச் செய்ய முடியவில்லை என்கிற அர்த்தத்தில் எழுதுகிறார். உலகத்துக்கே பதில்கள் எழுதிக்கொடுத்தவர், தன் வீட்டுச் சாவுக்கு முன்னால் அந்தப் பதில் போதவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அவர் விசுவாசம் அதனால் போய்விடவும் இல்லை.

அன்று இரவு மகளிடம், "நீ அன்னைக்குக் கேட்டியே, எனக்கும் அதே கேள்விதான். பதில் தெரியல" என்றேன்.

"அப்ப ஜெபம் பண்ண வேணாமா?"

"பண்ணலாம். இதையும் சேர்த்து அவர்கிட்டயே கேக்கலாம்."

கேட்டாள். ரொம்பக் கோபமாகத்தான் கேட்டாள். நான் திருத்தவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் கட்டளையை நான் சொல்கிறேன், அர்த்தம் என்ன என்று அவள் கேட்கிறாள். போன வாரம் எட்டாம் கட்டளையில் மாட்டிக்கொண்டேன். எங்கள் கணக்கில் அது பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது. "ஆஸ்பத்திரியில பாட்டிகிட்ட சரியாயிடும்னு சொன்னீங்களே, அது பொய்ச்சாட்சியாப்பா?"

அன்று பாட்டு ஆரம்பிக்க ஒன்பது மணி ஆகிவிட்டது.