சவரக் கருவியின் விலையும் உலோகத்தின் மதிப்பும்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் வாழும் நம் சங்கத்தாருள் பலர் சலூன் வைத்து ஜீவிப்பவர்கள். அவர்தம் பிள்ளைகள் கடன் வாங்கிப் புதுக்கடை திறக்குங்காலை, எவர்சில்வர், டைட்டானியம் முதலிய உலோகங்களாற் செய்த விலையுயர்ந்த ஸேப்டி ரேஸர்களையும், பிளேடு மாட்டும் மடக்குக் கத்திகளையும் வாங்கிவைத்தால் கடைக்குக் கௌரவம் என்று எண்ணுகின்றனர். வீட்டில் தாமே முகம் மழித்துக்கொள்வோருக்கும் இவ்வாசை உண்டு. கொடுக்கும் விலைக்கு இவை தகுமா என்பது சிந்திக்கற்பாலது. இதற்குச் சரித்திரத்தைக் கொண்டே விடை காண முயல்வோம்.

நம் தொழில் நேற்றுத் தோன்றியதன்று. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றைக் கூறுகின்றது. அங்கே வைத்தியர், சல்லியக்கிரியை செய்வார், மருந்து கொணர்வார், பணிப்பெண்டிர் ஆகியோருடன் நாவிதரும் ஊழியராக வைத்து எண்ணப்பட்டனர். அக்காலத்து நாவிதரின் அடைப்பத்திலிருந்த கத்திக்கு மதிப்பளித்தவை இரண்டே: அலகின் கூர்மையும், பிடித்த கையின் பயிற்சியும்.

அலகுக்கு வேண்டிய உருக்கோ நம் நாட்டுச் சரக்கு. வெள்ளாற்றுக்கு வடக்கே, பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில், மண்குகைகளில் உருக்குக் காய்ச்சிய உலைக்களத்தை ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் கண்டு 1994-ல் எழுதினார். இரும்புத் துண்டுகளை ஆவாரங்குச்சியோடும் பச்சிலையோடும் களிமண் குகையிலிட்டு, வாய்மூடிச் சூளையிற் காய்ச்சுவது தென்னாட்டுக் கொல்லர் வழக்கம். குச்சியிலும் இலையிலுமுள்ள கரி இரும்பிற் சேர, அது உருக்காகும். பெரம்பலூர்க் கரம்புகளில் யாரும் விதைக்காமல் மஞ்சட் பூப்பூத்து நிற்கும் அந்த ஆவாரைதான் உலகம் வியந்த உருக்குக்குக் கரி தந்தது.

ஐரோப்பியர் இதனை ‘வூட்ஸ்’ என்றனர். ‘உக்கு’ என்னும் கன்னடச் சொல்லின் திரிபு அது என்பர் அறிஞர். 1794-ல் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் இதன் மாதிரியை இலண்டனுக்கு அனுப்பினார். அந்நகரத்துக் கத்திக் கடைக்காரரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதனைத் தீட்டிப் பார்த்து, நுண்ணிய அலகுக்கு இதற்கு நிகரில்லை என்று கண்டார்.

இச்சிறப்பின் இரகசியம் யாது என்று அறிய, ஸ்டோடார்ட், பிற்காலத்தில் மின்சார ஆராய்ச்சியாற் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பாரடேயுடன் கூடி 1819 முதற் சோதனைகள் செய்தார். வூட்ஸினுள் அலுமினியம் போன்ற வேறு பொருள் கலந்திருப்பதே காரணமென முதலிற் கருதினர். பின்பு உருக்கோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களைக் கலந்து பார்த்தனர். 500 பங்கு உருக்குக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்த்ததை நன்றென்றனர். ரோடியம் சேர்த்ததையும் மெச்சினர். பாரடே அவ்வுருக்கினாற் சவரக் கத்திகள் செய்வித்து நண்பர்களுக்கு வழங்கினார். ஆயினும் 1823-ல் ஸ்டோடார்ட் காலமானதும் முயற்சி தளர்ந்தது. அவ்வுருக்கு நாவிதரின் கைக்கு வந்து நிலைக்கவில்லை. வூட்ஸின் சிறப்புக்கு வேற்று உலோகம் காரணமன்று, அதிற் சேர்ந்த கரியின் அளவும் அது காய்ச்சி ஆறவைத்த பக்குவமுமே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பொன் விலையுலோகத்தைத் தேடினார்க்கு, ஆவாரங்குச்சியின் கரி விடையாயிற்று.

ஆனால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இக்காலத்தும் ‘சில்வர் ஸ்டீல்’ என ஒருவகை உருக்கு விற்கின்றது. அதில் வெள்ளி இம்மியும் இல்லை. உலோகத்தின் பெயரே விலைபேசும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

இனி ஸேப்டி ரேஸரின் கதையைக் காண்போம். அமெரிக்கராகிய கிங் ஜில்லெட் என்பார், தீட்ட வேண்டாத மெல்லிய தகட்டலகைக் கருதி 1901-ல் கம்பெனி தொடங்கினார். 1903-ல் விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளுமே என்பது கம்பெனி வரலாறு. 1904 நவம்பர் 15-ல் பேடண்ட் உரிமை கிடைத்தது. ரேஸர் ஒன்றின் விலை 5 டாலர். அந்நாளிற் கூலிக்காரனுக்கு அது பெருந்தொகை. 1921-ல் அவ்வுரிமை முடிவுற்றுப் பிறரும் செய்யலாமென்றானதும், பழைய மாதிரி ரேஸரை அக்கம்பெனியே ஒரு டாலருக்கு விற்றது. உலோகம் மாறவில்லை, வேலைப்பாடும் மாறவில்லை. ஆகவே முன்பு வாங்கிய 5 டாலரில் பெரும்பகுதி உலோகத்தின் விலையன்று, உரிமையின் விலையே என்பது வெளிப்படை.

அப்படியாயின் உயர்ந்த உலோகத்தால் யாதொரு பயனுமில்லையோ எனின், உண்டு. அது மயிரைத் தொடும் இடத்திலே உண்டு. 1913-ல் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி துருவேறா உருக்கைக் கண்டார். 1960-களின் தொடக்கத்தில் வில்கின்சன் கம்பெனியார் அதனாற் பிளேடு செய்து விற்றனர். சில நாளிலே துருவேறி மழுங்கிய பழைய பிளேடுகள் பின்தங்கின. பின்பு அலகின் நுனியிற் குரோமியமும் பிளாட்டினமும் மிக மெல்லிதாகப் பூசும் வழக்கம் வந்தது. பூச்சு நுண்ணியதாதலின் விலை ஏறவில்லை. மயிரைக் காட்டிலும் 50 மடங்கு கடினமான உருக்கும், அதன் உட்கட்டு ஒருசீராக இல்லாதவிடத்து மயிர் சாய்ந்து தாக்கினால் நுனி சிதறும் என்று அமெரிக்க மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-ல் கண்டறிந்தனர். ஆக, சவரத்தின் சுகம் அலகின் நுனியிற் கிடக்கின்றது.

பிடியின் செய்தி வேறு. மலிவானவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியவை. முலாம் உரிந்தால் ஈரமும் சோப்பும் அரிக்கும், திருகுமரை ஒடியும். பித்தளையும் எவர்சில்வரும் நெடுநாள் உழைக்கும். ஆதலின் அவற்றுக்குச் சற்று மிகுத்துக் கொடுப்பது வீணன்று. டைட்டானியமோ எவர்சில்வரின் எடையில் பாதிக்குச் சற்று மிகும், துருவேறாது. இவையன்றி மழிப்பதில் அது செய்யும் உபகாரம் ஒன்றுமில்லை. பிளேடை அசையாமற் சரியான சாய்வில் பற்றும் கருவி எதுவாயினும் போதும்.

நம்மவர் கவனிக்கவேண்டிய கணக்கு இது. பிடி ஒன்றுக்கு 10,000 ரூபாய் கொடுப்பதாக வைப்போம். பிளேடு ஒன்று 5 ரூபாயென்றாலும் அத்தொகைக்கு 2,000 பிளேடுகள் வரும். ஒன்றை இரண்டாக ஒடித்து மாட்டினால் 4,000 முகங்கள். நாளொன்றுக்குப் பத்துப்பேர் வந்தால் 400 நாட்களுக்கு ஆளுக்கொரு புது அலகு. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பின்பு, ஒருவருக்கு இட்ட அலகை மற்றொருவருக்கு இடலாகாதென்பது யாவரும் அறிந்த நியதி. இரத்தத்தாற் பரவும் மஞ்சட்காமாலைக்கும் அதுவே காப்பு. புதுப் பிளேடில் மிச்சம் பிடித்துப் பளபளக்கும் பிடியிற் செலவிடுவது, வேலியை விற்றுக் கதவுக்குப் பூண் கட்டுவதை ஒக்கும்.

ஆகவே நம் இளைஞர்க்கு நாம் கூறுவது: உறுதியான பிடி ஒன்றை ஒருமுறை வாங்குக, நல்ல அலகை ஒவ்வொரு முறையும் வாங்குக, எஞ்சிய பணத்தைக் கடன் அடைக்கவும் பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்துக்கொள்க. ஆதுலசாலையில் இடம்பெற்ற தொழிலுக்கு, வந்தவர் நோயின்றித் திரும்புவதே கௌரவம்.