கழித்தவற்றின் விலை: போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7, பந்தய விதியிலிருந்து ஏல மேடை வரை

1972 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் 911 கரேரா ஆர்எஸ் 2.7 என்ற இரண்டு கதவு காரை அறிமுகம் செய்தது. அடிப்படை விலை சுமார் 34,000 ஜெர்மன் மார்க். அதன்மேல் இரண்டு தொகுப்புகள் இருந்தன. எம்471 என்ற 'ஸ்போர்ட்' தொகுப்புக்கு 700 மார்க். எம்472 என்ற 'டூரிங்' தொகுப்புக்கு 2,500 மார்க். டூரிங் வாங்கியவருக்குச் சாதாரண 911இல் உள்ள உட்புற வசதிகள் கிடைத்தன. ஸ்போர்ட் வாங்கியவருக்குத் தரைவிரிப்பு இல்லை, பின்னிருக்கை இல்லை, கடிகாரம் இல்லை, கைதாங்கி இல்லை, கோட்டு மாட்டும் கொக்கிகூட இல்லை. அன்று மலிவாகக் கிடைத்தது இந்த மொட்டை வண்டிதான். இன்றைய சேகரிப்பாளர் சந்தையில் அதே மொட்டை வண்டி டூரிங்கைவிட எங்கோ மேலே நிற்கிறது. 2014இல் ஏலத்துக்கு வந்த ஸ்போர்ட் வண்டிகள் 10 லட்சம் டாலரைத் தாண்டின. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்த வண்டி பிறந்ததே ஒரு பந்தய விதியால்தான். 5 லிட்டர் எஞ்சினுடன் உலகப் பந்தயங்களை ஆண்டுகொண்டிருந்த போர்ஷே 917, 1971 பருவத்தோடு உலகக் கோப்பையிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. 1972 முதல் எஞ்சின் அளவு 3 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்றது விதி. அதே காலத்தில் போர்ஷே, பீச் குடும்பத்தினர் நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகினார்கள். பொறுப்புக்கு வந்த எர்ன்ஸ்ட் ஃபூர்மான், 1950களில் போர்ஷேயின் புகழ்பெற்ற நான்கு கேம்ஷாஃப்ட் எஞ்சினை வடிவமைத்தவர். கடைகளில் விற்கிற 911ஐயே பந்தயத்துக்கு அனுப்புவது என்று அவர் முடிவு செய்தார். அதற்கு குரூப் 4 பிரிவில் அனுமதி வேண்டும். 12 மாதத்துக்குள் 500 வண்டிகள் கட்டினால்தான் அந்த அனுமதி கிடைக்கும்.

500 என்ற எண்ணைக் கேட்டு விற்பனைப் பிரிவு கலங்கியது. இவ்வளவு விலையில், இவ்வளவு வெறுமையான வண்டியை யார் வாங்குவார்கள்? பொறியாளர்களுக்கோ வேறு கவலை. பந்தயத்தில் ஒரு வண்டியின் குறைந்தபட்ச எடை, ஒப்புதலுக்குக் காட்டிய எடையை வைத்துத்தான் முடிவாகும். சாலை வண்டியில் இன்று ஒரு கிலோவை விட்டுவைத்தால் நாளை பந்தய வண்டி அந்த ஒரு கிலோவைச் சுமந்தே ஓட வேண்டும். உடல் தகடு மெலிந்தது, கண்ணாடி மெலிந்தது, ஒலியடக்கும் அடுக்கு போயிற்று. கதவின் உள்கைப்பிடிக்குப் பதில் ஒரு வார். முன்மூடியில் இருந்த எனாமல் சின்னத்துக்குப் பதில் அதே சின்னத்தை அச்சடித்த ஒட்டுத்தாள். கையகல உலோகச் சின்னத்தில் எத்தனை கிராம் மிச்சமாகிவிடும்? அந்தச் சில கிராமையும் விட மனம் வராத பிடிவாதத்தை அந்த ஒட்டுத்தாளில் பார்க்கிறேன். கடைசியில் எடை 960 கிலோவுக்கு வந்து நின்றது. வசதிகள் திரும்பி வந்த டூரிங்கின் எடை 1,075 கிலோ.

எஞ்சினிலும் இதே கதைதான். அன்றைய 911 எஸ் எஞ்சினின் கொள்ளளவு 2,341 சிசி. சிலிண்டரின் விட்டம் 84 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 70.4 மில்லிமீட்டர். ஓட்டத்தைத் தொடாமல் விட்டத்தை மட்டும் 90 மில்லிமீட்டராக்கினார்கள். கொள்ளளவு 2,687 சிசி ஆயிற்று. சிலிண்டருக்குள் இருந்த இரும்புக் குழலை எடுத்துவிட்டு, அலுமினியச் சுவரின் மேலேயே நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சைக் கொடுத்ததால் கிடைத்த இடம் அது. நிக்காசில் எனப்படும் அந்தப் பூச்சு 917 பந்தய வண்டியில் தேறி வந்த உத்தி. சக்தி 190இலிருந்து 210 குதிரைத்திறனாக உயர்ந்தது. பந்தயத்துக்கான ஆர்எஸ்ஆர் வடிவில் விட்டத்தை இன்னும் 2 மில்லிமீட்டர் கூட்டி 2.8 லிட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

இந்த வண்டியில் கூட்டிய ஒரே பெரிய உறுப்பு வால். 911இன் எஞ்சின் பின்அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. போதாக்குறைக்கு, சரிந்து இறங்கும் முதுகின்மேல் பாயும் காற்று வேகம் கூடக்கூடப் பின்பக்கத்தைத் தூக்கும். தூக்கினால் பின்சக்கரத்தின் பிடி தளரும்; வளைவில் வால் பக்கவாட்டில் வீசும். ஹெர்மான் பூர்ஸ்ட், டில்மான் ப்ரோட்பெக் என்ற இரு பொறியாளர்கள் வண்டியைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி, பின்மூடியின்மேல் தற்காலிக விளிம்புகளைக் கட்டி, கொஞ்சம் உயர்த்தியும் தாழ்த்தியும் அளந்து அளந்து பார்த்தார்கள். ரால்ஃப் வீனர் என்ற வடிவமைப்பாளர் அதற்கு ஓர் உருவம் கொடுத்தார். 1972 ஆகஸ்டில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போயிற்று. ஜெர்மானியர்கள் அதற்கு வைத்த பெயர் 'பியூர்ட்ஸல்', அதாவது வாத்தின் பின்புறம். கேலிப் பெயர்தான். ஆனால் பின்பக்கம் தூக்குவதைக் குறைத்ததோடு காற்றின் தடையையும் அந்த வால் குறைத்தது. கூடவே எஞ்சின் அறைக்குள் நல்ல காற்றும் போயிற்று. பின்சக்கரங்களை 7 அங்குலமாக அகலப்படுத்தி, முன்சக்கரங்களை 6 அங்குலத்திலேயே விட்டார்கள். நிலைத்தன்மைக்கு அதுவும் ஒரு காரணம்.

விற்பனைப் பிரிவின் பயம் இரண்டே மாதத்தில் பொய்த்தது. நவம்பர் முடிவதற்குள் 500 வண்டிகளும் விற்றுப்போயின. 1973 ஜூலை வரை தயாரிப்பு நீண்டு மொத்தம் 1,580 ஆயிற்று. ஆயிரத்தைத் தாண்டியதும் குரூப் 3 அனுமதியும் கூடுதலாகக் கிடைத்தது. ஆய்வாளர் நின்று பார்க்க வேண்டியது அந்த 1,580இன் உட்பிரிவுகளைத்தான்: டூரிங் 1,308, ஸ்போர்ட் 200, பந்தய வடிவம் 55, எந்தத் தொகுப்பும் சேராத அடிப்படை வடிவம் 17. பந்தயத்துக்கென்று பிறந்த வண்டியை வாங்கியவர்களில் பத்தில் எட்டுப் பேர், கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டித் தரச் சொல்லிக் காசும் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய விலை வித்தியாசத்தின் விதை இங்கே கிடக்கிறது. ஸ்போர்ட் வண்டி அரிதாக இருப்பதற்குக் காரணம், அன்று அதை விரும்பியவர்கள் குறைவு என்பதுதான்.

பந்தயத்தில் ஆர்எஸ்ஆர் தன் வேலையைச் செய்தது. 1973 பிப்ரவரியில் பீட்டர் கிரெக், ஹர்லி ஹேவுட் இணை டேட்டோனா 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. மே மாதத்தில் ஹெர்பர்ட் முல்லரும் கைஸ் வான் லென்னெப்பும் சிசிலியின் டார்கா ஃப்ளோரியோவில் வென்றார்கள். உலகக் கோப்பையின் ஒரு சுற்றாக அந்த மலைப்பாதைப் பந்தயம் நடந்தது அதுவே கடைசி முறை.

பிறகு வந்தது இறக்கம். தயாரிப்பு நின்ற மூன்றாம் மாதம் எண்ணெய் நெருக்கடி. மேற்கு ஜெர்மனியில் 1973 நவம்பர் 25 தொடங்கி நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கார் ஓட்டவே தடை. ஆட்டோபானில் தற்காலிகமாக 100 கிலோமீட்டர் வேக வரம்பு. மணிக்கு 240 கிலோமீட்டர் போகிற வண்டிக்கு அது நல்ல காலம் இல்லை. 1974இல் அதே பாரிஸ் கண்காட்சியில் 911 டர்போ வந்ததும் ஆர்எஸ் ஒரு பழைய வண்டி ஆகிவிட்டது. கைமாறிப்போன பல வண்டிகளைப் பந்தயத்தில் அடித்து நொறுக்கினார்கள், எஞ்சினை மாற்றினார்கள், நிறத்தை மாற்றினார்கள். மிஞ்சியதைத் துரு தின்றது. போர்ஷே தன் கார்களின் உடல் தகட்டுக்கு முழுமையாகத் துத்தநாகப் பூச்சு கொடுக்கத் தொடங்கியது 1976 மாடலிலிருந்துதான். ஆர்எஸ்ஸின் மெல்லிய தகட்டுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

விலை திரும்பி ஏறியதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். நான் இரண்டை முன்வைக்கிறேன். முதலாவது அமெரிக்கச் சட்டம். மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பொருந்தாததால் 1973இல் ஆர்எஸ்ஸை அங்கே சாலை வண்டியாக விற்கவில்லை. 25 ஆண்டு கடந்த கார்களுக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. 1998இல் ஆர்எஸ் அந்த வயதை எட்டியபோது, உலகின் மிகப் பெரிய பணப்பையின் முன் இருந்த தடை நீங்கியது. இரண்டாவது காரணம் ஒரு புத்தகம். 1992இல் தாமஸ் க்ரூபரும் கியோர்க் கொன்ராட்ஸ்ஹைமும் வெளியிட்ட 'கரேரா ஆர்எஸ்', இந்த மாடலை வண்டி வண்டியாகப் பதிவு செய்தது. அதற்குமுன் 'இது அசல்' என்பது விற்பவரின் வாய்ச்சொல். அதன்பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆவணம் இருந்தது. கோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சிட்ட பிறகு வரலாறு எழுதும் முறையே மாறியதைப் போன்ற மாற்றம் இது.

அன்றிலிருந்து சோதனையின் இலக்கு மாறியது. விற்பனைக்கு வரும் ஆர்எஸ்ஸை இன்று ஒரு நிபுணர் பார்க்கும்போது முதலில் ஓட்டிப் பார்ப்பதில்லை. முன்பக்கச் சாமான் அறையைத் திறந்து, தகட்டில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணைப் படிக்கிறார். 911 என்பது வகை. அடுத்து வரும் 3 என்பது 1973 மாடல். அதற்கடுத்த 6 ஆர்எஸ்ஸுக்கான இலக்கம். எண் சரியாக இருந்தால் போதாது. குத்திய ஆழம், எழுத்தின் வடிவம், சுற்றியுள்ள தகட்டில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கிறார். பிறகு பின்பக்கம் போய், குளிர்விக்கும் விசிறிக்குப் பக்கத்தில் எஞ்சின் எண்ணைத் தேடுகிறார். எஞ்சின் 911/83 வகையாகவும் கியர்பாக்ஸ் 915/08 வகையாகவும் இருக்க வேண்டும். இரண்டின் எண்களும் தொழிற்சாலையின் அட்டையில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். விளம்பரங்களில் வரும் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்ற சொல்லின் பொருள் இதுதான். சாதாரண 911இல் வாலை மாட்டி, பக்கவாட்டில் 'கரேரா' என்று எழுதிப் போலி செய்வது எளிது. அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

இந்த இடத்தில் ஒரு முரண் எனக்குத் தட்டுப்படுகிறது. துருப்பிடித்த மெல்லிய தகட்டை வெட்டியெடுத்துச் சாதாரணக் கனமுள்ள புதுத் தகட்டை வைத்துச் செப்பனிட்டால் வண்டி உறுதிப்படும், விலை குறையும். 1972இல் எடையைக் குறைக்க மட்டுமே இருந்த தகடு, இன்று அதன் மெலிவுக்காகவே காப்பாற்றப்படுகிறது. அந்த எடைக் குறைப்பு தரும் வேகத்தைச் சோதிக்கப் பல உரிமையாளர்கள் வண்டியை வெளியே எடுப்பதே இல்லை.

டூரிங்கைப் பற்றிய ஒரு தகவலும் பாக்கி இருக்கிறது. எடை குறைந்த நிலையில் ஒப்புதல் பெற வேண்டியிருந்ததால், வண்டிகளை முதலில் எந்தத் தொகுப்பும் சேர்க்காத வெறும் வடிவத்தில் கட்டித் தராசில் ஏற்றினார்கள். எடைக்கணக்கு பதிவானதும் தொழிற்சாலைக்குத் திரும்பக் கொண்டுவந்து, தரைவிரிப்பையும் பின்னிருக்கையையும் கடிகாரத்தையும் பொருத்தி எம்472 என்று எழுதினார்கள். இன்று அதே உறுப்புகளைக் கழற்றி, கதவில் ஒரு வாரைத் தைத்து, முன்மூடியில் ஒட்டுத்தாளை ஒட்டி 'ஸ்போர்ட் நிலைக்கு மாற்றியது' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். தராசில் நின்ற நாளின் எடைக்கு அந்த வண்டி ஏறக்குறைய திரும்பியிருக்கும். வாங்க வருபவரோ அட்டையைக் கேட்பார். அதில் எம்472 என்றுதான் இருக்கும்.