சித்தன்னவாசல் குளத்து அன்னங்கள்

தோட்டத்தில் ஒரு குளம் வெட்டி அதில் அன்னங்களை நீந்தவிட வேண்டும் என்பது வசதி படைத்தோர் பலருடைய ஆசை. புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்பும் குளமும் உடைய அன்பர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தபோது இவ்வாசையை வெளியிட்டார். “ஏற்கெனவே வாத்துகள் இருக்கின்றன. அவற்றோடு அன்னமும் சேர்ந்து வாழுமா?” என்று கேட்டார்.

“உங்கள் மாவட்டத்திலேயே அப்படியொரு குளம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறதே, பார்த்ததில்லையா?” என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் திகைத்தார். நான் சொன்னது சித்தன்னவாசல் குளத்தை.

விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம்

புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குன்றில் சமணர் குடைந்த அறிவர் கோயில் இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் (815-862) காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதனைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதன் அர்த்தமண்டப விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. பேரறிவு பெற்ற அருகன் அறமுரைக்கும் சமவசரண மண்டபத்தைச் சூழ்ந்த நீர்நிலை அது என்பர். அன்பர் மூவர் அங்கே பூக்கொய்கின்றனர்.

சமய நூல் சொன்ன குளந்தான். ஆயினும் ஓவியன் தன் கண்ணால் கண்ட கண்மாயையே அதற்கு மாதிரியாகக் கொண்டான் என்று தோன்றுகிறது. மொட்டும் மலரும் இலையும் நெருங்கிய அந்நீரில் மீன்கள் திரிகின்றன, யானைகள் இறங்கியிருக்கின்றன, எருமைகள் கிடக்கின்றன, அவற்றினிடையே அன்னமும் வாத்துமாக நீர்ப்பறவைகள் உலவுகின்றன. பறவைகளை அடைக்க வேலியோ கூண்டோ அங்கில்லை.

எது அன்னம்?

அன்னம் என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பது வளைந்த நெடுங்கழுத்தும் செம்மஞ்சள் அலகும் உடைய வெள்ளைப் பறவை. நாட்காட்டிப் படங்களும் மேனாட்டுக் கதைகளும் நமக்குத் தந்த உருவம் அது. ஐரோப்பாவுக்கும் நடு ஆசியாவுக்கும் உரிய அப்பறவை தமிழகத்துக்கு வலசை வருவதன்று.

அப்படியாயின் நம் புலவர்கள் பாடியது எதனை? புறநானூற்றில் பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலை விளித்துப் பேசுகிறார். தென்குமரித் துறையில் இரை தேர்ந்து வடமலை நோக்கிப் பறக்கும் அப்பறவையை, வழியில் உறையூரில் தங்கிக் கோப்பெருஞ்சோழனைக் காணச் சொல்கிறார். இதனைக் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. தலையில் இரு கருங்கோடுகள் கொண்ட பட்டைத்தலை வாத்து இன்றும் அவ்வழியே பறக்கிறது. திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்து, 6,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இமயத்தைக் கடந்து, பனிக்காலத்தில் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்கும் அது வந்து சேர்கிறது. பண்டையோர் அன்னம் என்றது இவ்வினத்தையே ஆகலாம் என்று கருதுவோர் பலர். பாலையும் நீரையும் பிரிக்கும் என்பது கவிமரபு. வடமலைக்கும் தென்குமரிக்கும் இடையே பறப்பதோ கண்கூடு.

பறவைக்கு உடைமை, நீருக்கு உடைமை

அன்னத்தை உண்மையாகவே வளர்த்த நாடு இங்கிலாந்து. அங்கே அது செல்வரின் விருந்து மேசைக்குரிய இறைச்சி. உயர்குடியின் அடையாளமும் ஆயிற்று. ஆண்டுக்கு 5 மார்க்கு வருவாயுள்ள நிலம் இல்லாதவர் அன்னம் வைத்திருக்கக் கூடாது என்று 1482-இல் சட்டமே பிறந்தது. உடையவர்கள் அலகில் கத்தியால் குறி கீறினர். குறியில்லாதவை அரசருக்குரியவை. தேம்ஸ் ஆற்றில் ஆண்டுதோறும் அன்னங்களை எண்ணும் சடங்கு இன்றும் நடைபெறுகிறது.

நம் முன்னோர் பறவைக்குக் குறியிடவில்லை. அவர்தம் கவலை நீரைப் பற்றியது. புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத பேராறு இல்லை. மழைநீரைத் தேக்கும் ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களுமே அம்மண்ணின் உயிர். பழைய கண்மாய்கள் பலவற்றுள் இரு கல்தூண்களுடன் நிற்கும் குமிழித் தூம்பை இன்றும் காணலாம். நீர் வெளியேற நீரோடித் துளை. அதனுடன் வண்டலும் வெளியேறச் சேறோடித் துளை. வயலுக்கு நீர் பாயும்போதே குளமும் தூர் நீங்கும். குளப்பராமரிப்புக்கென நிலம் விட்ட செய்திகளும் கல்வெட்டுகளில் உண்டு.

இவ்வாறு நீரைக் காத்தார்கள். பறவை தானே வந்தது. செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் மக்கள், பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அறிந்து, வேட்டையாடுவோரைத் தடுக்கும் உரிமையைக் கும்பினி ஆட்சியரிடமிருந்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுத்தில் பெற்றார்கள். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்போது தமிழகத்து மருதநில வளத்தையே அங்கே கொண்டு சேர்த்தார். நீர்வளம் இல்லாத நன்னாட்டை நம் புலவர் நெஞ்சம் எண்ணவே அறியாது போலும்!

அன்பருக்குச் சொன்ன விடை

மேனாட்டு வெள்ளை அன்னம் 10 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அகன்ற நீர்ப்பரப்பு வேண்டுவது. கூடுகட்டும் காலத்தில் ஆண் அன்னம் பிற பறவைகளை விரட்டும். வாத்துக் குஞ்சுகளைக் கொல்வதும் உண்டு. சிறு குளத்தில் வாத்துகளோடு அதனை அடைப்பது இரண்டிற்கும் இன்னல். சந்தையில் ‘கூஸ் வாத்து’ என விற்கப்படும் வளர்ப்பினத்தை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். வலசை வரும் பறவைகளைப் பிடித்து அடைப்பதோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

“அப்படியானால் என் குளம் வெறுங்குளமாகவே கிடக்க வேண்டுமா?” என்றார் அன்பர்.

வேண்டியதில்லை. வரத்துக் கால்வாயைத் தூர்வாருங்கள். கரையில் மண்டிய சீமைக்கருவேலை வேரோடு களையுங்கள். ஓரமாகக் கோரையும் அல்லியும் வளரட்டும். நடுவே ஒரு மண்திட்டை விட்டுவையுங்கள். பட்டைத்தலை வாத்து பெருநீர் தேடும் பறவை. உங்கள் குளத்தில் இறங்காமற் போகலாம். தாழைக்கோழியும் முக்குளிப்பானும் வரும். சீழ்க்கைச் சிறகியும் புள்ளிமூக்கு வாத்தும் வரக்கூடும்.

நளன் கதையை நினைவூட்டினேன். சோலையில் பிடிபட்ட அன்னத்தை அவன் கூண்டில் அடைத்திருந்தால் தமயந்திக்குத் தூது சென்றிருக்குமா?

சித்தன்னவாசல் ஓவியம் புகையாலும் ஈரத்தாலும் மனிதர் கைபட்டும் பெரும்பகுதி சிதைந்துவிட்டது. அதனை மீண்டும் தீட்டவல்ல கை இன்று இல்லை. ஓவியனுக்கு மாதிரியாயிருந்த கண்மாய்களோ இன்னும் நம்மிடம் இருக்கின்றன; அவற்றைத் தூர்வார நமக்குக் கைகளும் இருக்கின்றன. அன்பர் அன்னம் வாங்கும் எண்ணத்தை விட்டார். அதற்கென ஒதுக்கிய பணத்தில் வரத்துக் கால்வாய் வெட்ட ஆளமர்த்தியிருப்பதாகச் சென்ற வாரம் கடிதம் எழுதியிருக்கிறார்.