மரைக்காரும் ஐயரும்: ‘கோமாளிகள்’ படத்தை யார் காப்பாற்றுவது?

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

போன வாரம் தரம் 10 வகுப்பில் பேச்சுவழக்குப் பற்றிப் பாடம் நடந்தது. யாழ்ப்பாணத் தமிழ், மலையகத் தமிழ், எங்கள் முஸ்லிம் தமிழ் என்று சொல்லிக்கொண்டு வரும்போது, பழைய வானொலி நாடகத்தில் வந்த ‘மரைக்கார்’ பேசுவதைப் போல இரண்டு வரி பேசிக் காட்டினோம். பிள்ளைகள் சிரித்தார்கள். பின் வாங்கில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “சேர், இது எங்கட ஆக்கள நக்கலடிச்சதா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வகுப்பில் பதில் சொல்ல நேரம் போதவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எழுபதுகளில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்று ஒரு தொடர் நாடகம் போனது. எழுதியவர் எஸ். ராம்தாஸ். நாடகத்தில் நாலு பேர், நாலு தமிழ். முஸ்லிம் தமிழ் பேசும் மரைக்கார், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, சிங்களம் கலந்த தமிழ் பேசும் உபாலி, பிராமணத் தமிழ் பேசும் ஐயர். அந்தத் தொடர் பிடித்த பிடியில் 1976 இல் அது ‘கோமாளிகள்’ என்ற பெயரில் படமாகவே வந்தது. 1978 இல் ‘ஏமாளிகள்’ வந்தது.

யார் யாராக நடித்தார்கள் என்று பாருங்கள். மரைக்காராக நடித்த ராம்தாஸ் முஸ்லிம் அல்ல. ஐயராக நடித்தவர் எங்கள் பி. எச். அப்துல் ஹமீட். உபாலியாக நடித்தவர் செல்வசேகரன், சிங்களவர் அல்ல. அப்புக்குட்டி ராஜகோபால். ஒருவருடைய பேச்சை இன்னொருவர் வாங்கிப் பேசினார்கள். அதுவும் எப்படி? அந்தச் சமூகத்து ஆட்களே ‘இது நம்ம வீட்டுப் பேச்சு’ என்று ஒத்துக்கொள்ளும் அளவுக்கு. ராம்தாஸ் கடைசிவரை ‘மரைக்கார் ராம்தாஸ்’ தான். செல்வசேகரன் ‘உபாலி செல்வசேகரன்’ ஆனார். வேடம் பெயரோடு ஒட்டிப்போனது. 2016 இல் ராம்தாஸ் சென்னையில் காலமானபோது ‘மரைக்கார் போயிட்டார்’ என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொன்னார்கள்.

அந்த மகனுக்குப் பதில் இதுதான். ஒருத்தரை மட்டும் நிறுத்தி வைத்து மற்றவர்கள் சிரித்தால் அது நக்கல். அந்த நாடகத்தில் ‘சரியான தமிழ்’ பேசுகிற நியாயவான் என்று யாரும் உயரத்தில் நிற்கவில்லை. நாலு பேரும் கோமாளிகள்தான். அவர்களுக்குள் ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காமல் போவதில்தான் பாதிச் சிரிப்பு. நுகேகொடையில் வாழும் எங்களுக்கு இது புதிதில்லை. வீட்டுக்குள் ஒரு தமிழ், கேட்டைத் தாண்டினால் சிங்களம், வெள்ளவத்தைக் கடையில் யாழ்ப்பாணத் தமிழ், கொட்டாஞ்சேனைக்குப் போனால் இன்னொரு தமிழ். அந்தப் படம் எங்கள் தெருவைத்தான் காட்டியது.

இனி அடுத்த விஷயம். பிள்ளைகளுக்குக் காட்ட இந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்று வேண்டும். இந்த ஆசை ஏன் லேசில் நிறைவேறாது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1962 இல் ‘சமுதாயம்’ தொடங்கி இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்கள் மிகக் கொஞ்சம். 1972 இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, இந்தியப் படங்களின் வரவும் கட்டுப்பட்ட பிறகுதான் ‘குத்துவிளக்கு’, ‘புதிய காற்று’, ‘கோமாளிகள்’, ‘பொன்மணி’, ‘வாடைக்காற்று’ என்று வரிசையாக வந்தன. 1983 ஜூலையோடு அந்தக் காலம் முடிந்தது. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அங்கே இருந்த படச்சுருள்களும் எரிந்தன. அதில் அழிந்தவற்றில் சிங்களப் படங்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் என்ற தமிழர் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டார். முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொரொந்துவ’வை 1947 இல் தயாரித்தவரே எஸ். எம். நாயகம் என்ற தமிழர். எரித்தவர்கள் தங்கள் சொந்த வரலாற்றையும் சேர்த்துத்தான் எரித்தார்கள்.

அதே 1983, அடுத்த மாதம், பம்பாயில் ஒரு சின்னப் படம் வெளியானது. ‘ஜானே பீ தோ யாரோ’. குந்தன் ஷா இயக்கியது. பிழைக்கத் தெரியாத இரண்டு போட்டோக்காரர்கள், தற்செயலாக எடுத்த ஒரு படத்தில் ஒரு கொலை, அதற்குப் பின்னால் கட்டடக் காண்டிராக்ட் ஊழல். கடைசியில் ஒரு பிணத்தைத் தூக்கிக்கொண்டு மகாபாரத நாடக மேடைக்குள்ளேயே ஓடுவார்கள். வந்த நேரத்தில் பெரிதாக ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சியிலும் வீடியோவிலும் பார்த்துப் பார்த்தே சனம் அதைத் தூக்கிப் பிடித்தது. 2012 இல் அதைச் சுத்தப்படுத்தி, மறுபடி தியேட்டருக்கும் விட்டு, டிவிடியாகவும் கொடுத்தார்கள்.

அதற்கு மட்டும் எப்படி அந்த அதிர்ஷ்டம்? படத்துக்குக் காசு போட்டது இந்தியாவின் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம். உரிமை யாரிடம் என்று தேடி அலைய வேண்டியதில்லை. சொந்தக்காரன் ஒருவன் இருந்தான், பொருளும் இருந்தது. சொந்தக்காரர் நாடு விட்டுப் போய், கம்பனி மூடப்பட்டு, சுருள் யார் வீட்டு அலுமாரியில் என்று தெரியாத படத்துக்கு இது நடப்பது கஷ்டம்.

சுத்தப்படுத்துவது லேசான வேலையும் இல்லை. ஒரு விநாடிக்கு 24 படம். இரண்டு மணித்தியாலப் படம் என்றால் 1,72,800 தனிப் படங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, கீறலும் தூசியும் எடுத்து, ஒலியைத் தனியாகத் திருத்த வேண்டும். எங்கள் ஊர் வெக்கையும் ஈரமும் பழைய சுருளுக்குப் பகை. அது பழுதாகத் தொடங்கினால் வினாகிரி வாசம் அடிக்கும். அதற்குப் பிறகு அதிக காலம் இல்லை.

ஆனாலும் நடக்காது என்று சொல்ல மாட்டோம். சுமித்ரா பீரிஸின் ‘கெஹெணு லமய்’ 1978 இல் வந்தது, ‘ஏமாளிகள்’ வந்த அதே வருஷம். மும்பையில் உள்ள ஒரு அமைப்பு அதை மீட்டெடுத்து 2025 இல் கான் திரைப்பட விழாவில் காட்டியது. அந்த வருஷத்துச் சிங்களப் படத்துக்கு முடிந்தது, தமிழ்ப் படத்துக்கு முடியாமல் போக வேண்டியதில்லை. கேட்க ஆள் வேண்டும், கொடுக்கப் பொருள் வேண்டும்.

பொருள் எங்கள் வீடுகளில்தான் இருக்கும். ஆகவே ஒரு வேண்டுகோள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, தெஹிவளை, எங்கே இருந்தாலும் வாப்பாமார், அப்பாமார் வைத்த பழைய பெட்டிகளைப் பாருங்கள். வானொலியில் பதிந்த கசட், வீடியோ கசட், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், டிக்கட் துண்டு எதுவானாலும் எறிய வேண்டாம். பூஞ்சணம் பிடித்த கசட்டைப் பழைய மெஷினில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு எங்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். பொருள் இல்லாவிட்டால், அந்தப் படத்தை எந்தத் தியேட்டரில், யாரோடு பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். எங்கள் மாணவர்கள் தொகுப்பார்கள்.

கேள்வி கேட்ட அந்த மகனிடம்தான் முதல் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம். மூத்தவர்களிடம் போய்க் கேட்டு எழுதி வருவது அவருடைய வேலை. நேற்று முதல் பக்கத்தைக் கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுச் சிங்கள அங்கிள் ஒருவர், உபாலி பேசுவதைக் கேட்பதற்காகவே அந்த நாளில் தமிழ்ச் சேவையைப் போடுவாராம்.

“அவருக்கு நக்கலாத் தெரியலயா?” என்று கேட்டோம்.

“இல்ல சேர், இன்னும் சிரிக்கிறாரு” என்றார்.