மூட் கோர்ட்

சட்டத்துறை அழைப்பிதழ் ஒன்றில் ‘மூட் கோர்ட்’ என்பதைப் ‘போலி நீதிமன்றம்’ ஆக்கியிருந்தார்கள், மனம் ஒப்பவில்லை. ‘மூட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ஊர்கூடி வழக்குப் பேசிய அவை. பிறகு லண்டனின் ‘இன்ஸ் ஆஃப் கோர்ட்’ என்ற சட்டப் பயிற்சிக் கூடங்களில் மாணவர் கற்பனை வழக்கை வாதாடிப் பழகுவதற்குப் பெயரானது. வாதத்துக்குரியது என்ற பொருளும் கிளைத்தது. அமெரிக்க நீதிமன்றங்களிலோ, தீர்ப்பளித்தும் பயனில்லாதபடி ஆகிவிட்ட வழக்கே ‘மூட்’. அவையில் தொடங்கிய சொல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது! நம் ‘மன்ற’மும் ஊர்ப் பொதுவிடத்தில், மரத்தடியில் பிறந்து நீதிமன்றம்வரை வந்ததுதான். ‘மாதிரி நீதிமன்றம்’ இன்று பரவலாக வழங்குகிறது, பிழையில்லை. ஆனாலும் மாணவர் பழைய தீர்ப்புகளைத் தேடிப் படித்து எழுதும் வாதம் மெய்யான உழைப்பு. அதனால் ‘பயிற்சி மன்றம்’ என்றே எழுதுகிறேன்.